லாபியில் "எந்த ஏரியா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு

தமிழில் கேமிங் சேனல் நடத்துகிறவர்களுக்கும், கஸ்டம் ரூம் (நாமே ஆள் சேர்த்து நடத்தும் தனி ஆட்டம்) போடும் அட்மின்களுக்கும், நேரலையில் சாட்டைப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டர்களுக்கும்,

வணக்கம். நான் உங்களில் ஒருத்தி. வளர்ந்தது பெரம்பூர், இப்போது துரைப்பாக்கத்தில் வேலை. எட்டாவது படிக்கும்போது அண்ணனோடு பிரவுசிங் சென்டருக்குப் போய் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட ஆரம்பித்தவள், இன்றைக்கு வரைக்கும் விடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு பத்தரைக்கு மேல் இரண்டு மேட்ச் ஆடினால்தான் எனக்கு அந்த நாள் முடியும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து யாரோ அக்கா அறிவுரை சொல்கிறார் என்று நீங்கள் இந்த மடலை மூடிவிடக் கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, உங்களில் ஒருவருடைய கஸ்டம் ரூமில், பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ ஆடிக்கொண்டிருந்தோம். சேனல் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு சேனலின் பிரச்சினை இல்லை. நான்கு பேர் கொண்ட என் ஸ்குவாடில் ஒரு பையன், பதினேழு வயது இருக்கும். கடைசி வட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் அடிபட்டு நாக் ஆகிவிட்டோம். அவன் ஒருத்தன் மட்டும் ஒரு பாறைக்குப் பின்னால் இருந்துகொண்டு, பதற்றமே இல்லாமல், எதிர் ஸ்குவாடில் நான்கு பேரையும் ஒவ்வொருத்தராக எடுத்தான். நேரலை நடத்தியவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "செம்மடா தம்பி, எந்த ஏரியா நீ?" என்றார். "கண்ணகி நகர்ணா" என்றான். ஒரு விநாடி அமைதி. அப்புறம் இன்னொரு குரல்: "அப்போ கையில இருக்கிற போன் யாருது?" எல்லோரும் சிரித்தார்கள். சாட்டில் சிரிப்பு எமோஜி மழையாகக் கொட்டியது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது, "அங்க நீங்க என்ன ஆளுங்க?"

அவன் மைக்கை அணைத்துவிட்டான். அடுத்த மேட்சில் இல்லை.

நான் வழக்கமாக மைக் போடமாட்டேன், காரணம் பிறகு சொல்கிறேன். அன்றைக்குப் போட்டேன். "இந்தக் கேள்வி எதுக்கு? அவன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றேன். குரல் பெண் குரல் என்று தெரிந்ததும் சாட் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிடத்தில் என்னை ரூமிலிருந்தும் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். அட்மின் அனுப்பிய ஒரே வரி: "அக்கா, கேமுக்குள்ள அரசியல் கொண்டு வராதீங்க."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

கண்ணகி நகர் எப்படி வந்தது என்று அந்த அட்மினுக்குத் தெரிந்திருக்குமா? கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்துக்குள் பல இடங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்த குடும்பங்களை, 2000-ஆம் ஆண்டிலிருந்து, லாரியில் ஏற்றி ஓஎம்ஆர் பக்கம் இறக்கிவிட்ட இடம் அது. வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி என்று ஆனது. நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து அந்த ஊர் நடக்கிற தூரம்தான். எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குவதும், கேன்டீனில் பாத்திரம் கழுவுவதும் அங்கிருந்து வரும் அக்காக்கள்தான். அந்த விலாசத்தை எழுதினால் வேலை கிடைக்காது என்று வேறு விலாசம் எழுதும் பையன்களை எனக்குத் தெரியும். வேலை கேட்கும் இடத்தில் மறைக்க வேண்டியிருக்கும் ஊர்ப்பெயரை, நன்றாக ஆடிய சந்தோஷத்தில், நம்மிடம் அவன் வாய்விட்டுச் சொன்னான். அதற்கு நாம் கொடுத்தது அந்தச் சிரிப்பு. "புள்ளிங்கோ" என்று நீங்கள் தம்ப்நெயிலில் போட்டு வியூஸ் வாங்குவதும் இதே சிரிப்புதான். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல் எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் அரசியலை அந்த ரூமுக்குள் முதலில் கொண்டு வந்தது யார்? "என்ன ஆளுங்க" என்று கேட்டவரா, கேட்காதே என்று சொன்னவளா?

இன்னொன்றும் கேட்கிறேன். 2020 செப்டம்பரில் 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியையும் தடை செய்தார்களே, அன்றைக்கு நாம் எல்லோரும் என்ன பேசினோம்? எல்லைப் பிரச்சினை, சீன நிறுவனம், கொரிய நிறுவனம், தகவல் பாதுகாப்பு என்று விடிய விடியப் பேசினோம். 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ திடீரென்று ஸ்டோரிலிருந்து காணாமல் போனபோது, திரும்பி வர அடுத்த ஆண்டு மே வரைக்கும் ஆனது. அத்தனை மாதமும் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டு வீடியோ போட்டீர்கள். நானும் பகிர்ந்தேன், சரியாகத்தான் கேட்டீர்கள். அது அரசியல் இல்லையா? நம் ஆட்டம் போனால் பேசலாம், ஒருத்தனுடைய மானம் போனால் பேசக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆட்டம் என்பது வெறும் ஆட்டம் என்று எப்போது இருந்தது? வைகுண்ட ஏகாதசி இரவில் என் பாட்டி பரமபதப் படம் விரித்து ஆடுவார். எந்தப் பாம்பு எந்தப் பாவம், எந்த ஏணி எந்தப் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டே காய் நகர்த்துவார். எது மேலே ஏற்றும், எது கீழே தள்ளும் என்று ஒரு உலகப் பார்வையையே குழந்தை கையில் தாயக்கட்டையோடு கொடுத்துவிடுகிற ஆட்டம் அது. கோடை விடுமுறையில் நாம் 'டிரேட்' என்று ஆடினோமே, ஊர் வாங்கி வாடகை வசூலிப்பது, அதன் மூலத்தை லிஸி மாகி என்ற அமெரிக்கப் பெண் உருவாக்கி 1904-இல் காப்புரிமை வாங்கினார். நிலத்தைச் சிலர் வளைத்துப்போட்டால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆவார்கள் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கருத்தை உருவிவிட்டு, வாங்குவதை மட்டும் வைத்து விற்றார்கள். உருவி எடுத்ததும் ஒரு அரசியல்தான்.

2023-இல் 'வெண்பா' என்ற வீடியோ கேம் வந்தபோது நீங்கள் எல்லோரும் நேரலை போட்டீர்கள். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது, அடுத்த ஆண்டு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. இட்லிக் கொப்பரையில் தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற புதிரில் நான் கண்கலங்கினேன், நீங்களும் கலங்கியதைப் பார்த்தேன். அந்தக் கதையில் கவின் என்ற பிள்ளை பள்ளிக்கூடத்தில் கெவின் ஆகிவிடுகிறான். அங்கே தன் பெயரையும் சாப்பாட்டையும் நினைத்துக் கூச்சப்படும் குழந்தைக்காக நம் மனசு அப்படி உருகியது. இங்கே தன் ஊர்ப்பெயரைச் சொன்னதற்குக் கூனிக் குறுகிய பையன் நம் ஸ்குவாடிலேயே இருந்தான். இரண்டும் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? எனக்கு அன்றிரவு முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து, சேர்ந்து ஆடுகிறவர்கள் தங்கள் குழுவுக்கு வைக்கும் கிளான் பெயர்கள். ஐடிக்கு முன்னால் சாதிப் பட்டம், பக்கத்தில் ஒரு வாள், அதற்குப் பக்கத்தில் இரண்டு நிற இதயம். அந்த நிறங்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரியாமல் யாரும் வைப்பதில்லை. தெற்கே பள்ளிக்கூடங்களில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர்க் கயிறு இதுவேதான், திரைக்கு வந்திருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கயிறு கட்டி வரக் கூடாது என்பதும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்க வேண்டும் என்பதும் இருந்தன. ஆன்லைன் ரம்மியைப் பற்றி ஆராய 2022-இல் போட்ட குழுவுக்கும் அவர்தான் தலைவர். ரம்மி அறிக்கை வந்தபோது நம் குழுக்களில் எவ்வளவு விவாதம்! கயிறு அறிக்கையைப் பற்றி ஒரு வரி வரவில்லை. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி வேண்டாம் என்று தீர்மானம் போட்ட மண் இது. தாத்தாக்கள் பெயருக்குப் பின்னாலிருந்து வெட்டி எறிந்ததை நாம் ஐடிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆறு வருடமாக ஆண் பெயரில் ஐடி வைத்திருக்கிறேன். என் தோழிகளில் கேம் ஆடும் அத்தனை பேரும் அப்படித்தான். "ரைட்ல ரெண்டு பேர்" என்று ஒரு தகவல் சொல்ல வாய் திறந்தால் போதும், அடுத்த பத்து நிமிடம் கல்யாணம் ஆச்சா, இன்ஸ்டா ஐடி என்ன, அதற்குப் பதில் சொல்லாவிட்டால் வசவு. பெண்களை நேரலையில் ஆபாசமாகப் பேசி லட்சக்கணக்கில் சப்ஸ்கிரைபர் சேர்த்த ஒரு யூடியூபரை 2021 ஜூனில் போலீஸ் கைது செய்தது. அப்போது எல்லோரும் "நாங்க அப்படி இல்லை" என்று வீடியோ போட்டீர்கள். நம்பினேன். ஆனாலும் மைக் போட இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

என்னுடைய பக்கத்து ஆட்களிடமும் கோபம் உண்டு. முற்போக்கு பேசும் நண்பர்கள் பலருக்கு கேம் என்றாலே கெட்டுப்போன பையன்கள், அடிமைப்பழக்கம், தடை செய். ஒரு தலைமுறையே தினமும் ராத்திரி கூடிப் பேசும் இடம் இது. அங்கே வந்து ஒரு வார்த்தை பேசாமல் வெளியில் நின்று திட்டினால் அந்த இடம் யார் கைக்குப் போகும்? போய்விட்டது, பாருங்கள்.

சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்தது. ஆனால் பதினாறு வயதுப் பையன் ஒருத்தன் சிரித்ததற்கெல்லாம் போலீஸ் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது உங்கள் கையில் இருக்கிற விஷயம். சாட் ஃபில்டர் ஆங்கிலக் கெட்டவார்த்தையை நட்சத்திரமாக மாற்றிவிடுகிறது. தங்கிலீஷில் தட்டிய சாதி வசவு அப்படியே வந்து விழுகிறது. அந்தச் சொற்கள் எவை என்று நிறுவனத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து பிளாக் லிஸ்டில் போட அரை மணி நேரம் போதும். சாதிப் பெயரில் கிளான் வைத்திருக்கிறவர்களுக்குக் கஸ்டம் ரூமில் இடம் இல்லை என்று ஒரு முறை அறிவியுங்கள், அடுத்த வாரமே பாதிப் பேர் பெயரை மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் உங்கள் ரூமில் ஆட அவர்களுக்கு அவ்வளவு ஆசை. யாராவது "என்ன ஆளு" என்று கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கேட்டவரை வெளியே அனுப்புங்கள். கேட்காதே என்று சொன்னவரை அனுப்பாதீர்கள். பார்க்கிறவர்கள் அனுப்பும் சூப்பர் சாட் பணத்தில் நூறு ரூபாய் குறையலாம். குறையட்டும்.

வரும் சனிக்கிழமை மறுபடி ரூம் போடுவீர்கள். என்னைத் திரும்பச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம். சேர்த்தால் மைக் போட்டுத்தான் ஆடுவேன், பெயரையும் என் சொந்தப் பெயருக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பையனுடைய ஐடி உங்கள் பழைய ஸ்கோர்போர்டில் இருக்கும், கடைசி மேட்ச், நான்கு கில். தேடி எடுத்து, அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேளுங்கள். வந்தால் முதல் ஸ்லாட் அவனுக்கு.

அன்புடன்,
உங்கள் ரூமில் ஆடிய ஒருத்தி
சென்னை