பாட்டு மேடைக்கா, குழந்தைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் பாட்டு, கதைப் புத்தகம், ப்ராஜெக்ட் என்று ஆங்கிலம் கற்பதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். நான் 17 வருடமாக மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டுரையில் இருந்த எதையும் மறுக்க எனக்கு மனமில்லை, ஆனால் ஒரு விஷயம் விடுபட்டுப் போயிருக்கிறது. பாட்டு வகுப்புக்குள் வந்துவிட்டது, புத்தகம் வந்துவிட்டது, ப்ராஜெக்டும் வந்துவிட்டது, சரி. அவை யார் கையில் இருக்கின்றன? நான் பார்த்த வரையில் பெரும்பாலும் பெரியவர்கள் கையில்தான்.

முன்பு நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஆண்டு விழாவுக்காக இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மாதம் முழுக்க ஒரே ஆங்கிலப் பாட்டுக்குத் தயார் செய்தார்கள். தினமும் கடைசி இரண்டு பீரியட் அதற்கே போய்விடும். கை எங்கே போக வேண்டும், தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எந்த வரியில் சிரிக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. விழாவில் நல்ல கைதட்டல். மறுநாள் அவர்கள் வகுப்புக்குப் போய், பாட்டில் மூன்று முறை வருகிற ஒரு சொல்லை மட்டும் தனியாகச் சொல்லி, இது என்ன என்று கேட்டேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். அப்புறம் ஒரு சிறுமி பாட்டை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல் வந்ததும் நின்று, "இங்க வருது மிஸ்" என்றாள். அது எங்கே வரும் என்று தெரிந்திருந்தது, என்னவென்று தெரியவில்லை. ஒரு மாத உழைப்பு அது. அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தால் அர்த்தமே தெரியாத 16 வரியை அப்படி நினைவில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பாட்டுக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்லவே இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு அவர்கள் அறியாத ஹங்கேரிய மொழியில் சில தொடர்களை 15 நிமிடம் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாகச் சொல்லிக் கற்றவர்களையும் தாளத்தோடு சொல்லிக் கற்றவர்களையும் விட, பாடிக் கற்றவர்களே பிறகு அந்தத் தொடர்களை நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். 2013ல் வந்த ஆய்வு இது. அவர்கள் பெரியவர்கள், குழந்தைகள் இல்லை, ஆனாலும் வகுப்பில் நான் பார்ப்பது இதோடு ஒத்துப்போகிறது.

நம் பிள்ளைகளுக்குப் பாட்டு எங்கே உதவுகிறது என்றால் முதலில் தாளத்தில். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் அதனதன் அளவு உண்டு, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொல்லிப் பழகிய நாக்கு நமது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழுகிற அசைகள்தான் தூண் மாதிரி நிற்கும், நடுவில் வருகிற சின்னச் சொற்களெல்லாம் நசுங்கிவிடும். எழுதியிருந்தால் புரிகிற வாக்கியம் ஒருவர் பேசிக் கேட்கும்போது புரியாமல் போவதற்கு இது பெரிய காரணம். இதை விதியாகச் சொல்லி எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்க வைக்க முடியாது, ஒரு பாட்டைக் கைதட்டிப் பாட வைத்தால் இரண்டே நாளில் வந்துவிடும். இன்னொன்று, தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது, அதனால்தான் நாம் புக் என்பதைப் புக்கு என்கிறோம், கப் என்பதைக் கப்பு என்கிறோம். நான் எத்தனை முறை திருத்தினாலும் போகாத அந்த 'உ' பாட்டில் தானாகக் கழன்றுவிடுகிறது, ஏனென்றால் அதைச் சேர்த்துப் பாடினால் ஒரு தட்டு பின்தங்கிவிடும், அது பிள்ளைக்கே காதில் கேட்டுவிடும்.

ஆனால் இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் பாட்டு சின்னதாக இருக்க வேண்டும், அதில் வருகிற பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முக்கியமாகப் பிள்ளைகள் அதை மாற்றிப் பாட விட வேண்டும். பூனை என்ற இடத்தில் யானையைப் போடு, ஓடுகிறது என்ற இடத்தில் தூங்குகிறது போடு என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே எழுந்து நிற்கும். மாற்றத் தெரிந்த நிமிடத்தில் அந்த வாக்கியம் அவர்களுடையதாகிவிடுகிறது. எழுத்துப் பாட்டில்கூட எல், எம், என், ஓ, பி என்ற ஐந்தும் வேகமாக ஓடுவதால் அது ஒரே எழுத்து என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள், நிறுத்தி நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டினால்தான் சரியாகிறது. எனக்குப் பாட வராது என்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: ராகமே வேண்டாம். 1978ல் அமெரிக்காவில் கரோலின் கிரஹாம் என்ற ஆசிரியை அன்றாடப் பேச்சு வாக்கியங்களையே தாளம் போட்டுச் சொல்ல வைக்கும் முறையைப் புத்தகமாக்கினார், மேசையைத் தட்டத் தெரிந்தால் போதும்.

வாசிப்புக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். வகுப்பில் கதைப் புத்தகம் கொடுப்பார்கள், கொடுத்த கையோடு கடினச் சொற்களை எடுத்து எழுது, ஐந்து கேள்விக்குப் பதில் எழுது, ஒரு பத்தியில் சுருக்கி எழுது என்பார்கள். அப்படியானால் அதுவும் பாடப் புத்தகம்தானே? கதையில் அந்த நாய்க்குட்டி வீடு திரும்பியதா என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற பிள்ளையை நிறுத்தி வைத்து, நான்காவது வரியில் வரும் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் அவன் அடுத்த புத்தகத்தைத் தொடுவானா?

1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை. வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள், நல்ல படங்கள் உள்ள சுவாரசியமான புத்தகங்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் படித்துக் காட்டிப் பிள்ளைகளோடு பேசினார், சில வகுப்புகளில் பிள்ளைகளே அமைதியாகப் படித்தார்கள். வழக்கமான பாடத்திட்டத்தில் இலக்கணப் பயிற்சி செய்துகொண்டிருந்த மற்ற வகுப்புகளோடு ஒப்பிட்டபோது, முதல் வருடத்தில் வாசித்துப் புரிந்துகொள்வதில் இவர்களின் முன்னேற்றம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டாம் வருடம் அது எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. இலக்கணத்தைத் தனியாக நடத்தாமலே இலக்கணம் வந்தது என்பதைப் படித்துவிட்டு நான் ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் எளிதாக இருக்க வேண்டும், இது முக்கியம். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் வங்காளத்துப் பிள்ளைகளுக்காக அடிக்கடி புழங்குகிற சொற்களை மட்டும் வைத்து வாசிப்பு நூல்களை எழுதினார், அவர் தொகுத்து 1953ல் வந்த சுமார் 2,000 சொற்களின் பட்டியலை இன்றும் ஆசிரியர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவருக்குப் புரிந்தது இன்றைக்கு நம்மில் பலருக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தடிமனான ஆங்கில நாவல் படிக்கிறதாம் என்று தன் பிள்ளை கையிலும் அதைத் திணிக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள், பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம், படித்த புத்தகத்தையே ஐந்தாவது முறை எடுத்தால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். முதல் முறை பிள்ளை கதை தெரிந்துகொள்ளப் படிக்கிறது, ஐந்தாவது முறைதான் மொழி உள்ளே இறங்குகிறது.

ப்ராஜெக்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் செய்கிறோம். இரவு பத்து மணிக்கு அம்மா படம் வெட்டுகிறார், அப்பா இணையத்திலிருந்து நாலு பத்தி அச்சடித்துக் கொண்டுவருகிறார், பிள்ளை தூங்கிவிட்டது. காலையில் பளபளவென்று ஒரு சார்ட் பள்ளிக்கு வருகிறது, அதில் பிள்ளை எழுதியது தன் பெயர் மட்டும். அதற்கு முழு மதிப்பெண் போடுகிற நாங்களும் இதில் குற்றவாளிகள்தான்.

சென்ற வருடம் நான்காம் வகுப்பில் நான் ஒன்று செய்தேன். வீட்டுக்கு எதையும் அனுப்புவதில்லை, எல்லாம் வகுப்பிலேயே என்று முடிவெடுத்தேன். ஆளுக்கு ஒரு கோப்பையில் விதை போட்டு, தினமும் ஒரு வரி நாட்குறிப்பு. முதல் மூன்று நாள் மண்ணைத் தவிர எதுவும் தெரியாது, என்ன எழுதுவது என்று எல்லோரும் திணறினார்கள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுதினான்: 'சீட் இஸ் ஸ்லீப்பிங். ஐ நாட் டிஸ்டர்ப்.' இலக்கணப்படி அதில் பிழை இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் சிவப்பு மையைத் தொடவில்லை. அந்த வரியை அவனையே வகுப்புக்குப் படித்துக்காட்டச் சொன்னேன், மறுநாள் ஏழு பேர் தங்கள் விதை என்ன செய்கிறது என்று எழுதினார்கள். நான் மட்டும் என் பங்குக்குச் சரியான வாக்கியங்களைக் கரும்பலகையில் என் விதையைப் பற்றி எழுதி வந்தேன், மூன்றாவது வாரத்தில் அவன் வரியில் விடுபட்ட சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு முறை ஆடு, மேல்சட்டை இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினேன், இரண்டுக்கும் 'கோட்'தான் வரும், ஏனென்றால் ககரத்துக்கு வல்லொலி, மெல்லொலி என்று தனித்தனி எழுத்து நம்மிடம் இல்லை. ஆனால் வாயால் சொல்லும்போது தொண்டையில் கை வைத்துப் பார்த்தால் ஆட்டுக்கு அதிர்வு சீக்கிரமே தெரியும். உடனே கோட்டுப் போட்ட ஆட்டைப் பற்றி ஒரு படக்கதை பிறந்துவிட்டது, பிள்ளைகளே எழுதி, வரைந்து, தைத்து, முதல் வகுப்புக்குப் போய்ப் படித்துக் காட்டினார்கள். அந்தக் கதையைத் திட்டமிட்டது முழுக்கத் தமிழில்தான். ஆடு ஏன் கோட்டுப் போட வேண்டும் என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள், அந்தச் சண்டையை ஆங்கிலத்தில்தான் போட வேண்டும் என்று நான் கட்டளை போட்டிருந்தால் கதையே வந்திருக்காது. ஆங்கில வகுப்பில் தாய்மொழி பேசினால் அபராதம் என்று வைத்திருக்கிற பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் வருகிற ஆங்கிலக் கதைகள் எல்லாம் பெரியவர்கள் எழுதியவை, நன்றாகத்தான் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு முறை அரைப் பக்கம் மட்டும் பிள்ளைகளே ஆங்கிலத்தில் எழுதியதற்கு ஒதுக்க முடியுமா? கோட்டுப் போட்ட ஆட்டின் கதையையும் விதை நாட்குறிப்பில் ஒரு வாரத்தையும், பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டிலும் கேட்டுக்கொண்டு, பெயர் இல்லாமல் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். போடுவதானால் திருத்தாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை