அல்மாட்டியிலிருந்து திரும்பியபின்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வீட்டுக்கு வந்தபோது நான் மகளுடன் கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் இருந்தேன். பனிமலை பார்க்கப் போன பயணம். ஆனால் நினைவில் நிற்பது ஊர் நடுவே உள்ள பன்ஃபிலோவ் பூங்காதான். அங்குள்ள அணையா விளக்கின் முன் மணக்கோலத்தில் வந்த ஓர் இளம் இணை பூக்களை வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றது.

1941 கோடையில் இந்நகரில் திரட்டப்பட்ட சோவியத் படையின் 316ஆம் படைப்பிரிவுதான், அவ்வாண்டு அக்டோபரில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானிய டாங்குகளை வொலோகொலாம்ஸ்க் அருகே மறித்து நின்றது. அதன் தளபதி பன்ஃபிலோவ் நவம்பர் 18 அன்று களத்திலேயே மடிந்தார். டாங்குகளை நிறுத்தி ஒருவர் விடாமல் மாண்டதாகச் சொல்லப்படும் அப்பிரிவின் 28 வீரர்களின் கதை பத்திரிகையாளர் ஊதிப் பெருக்கியது என்பதும், அவர்களில் சிலர் உயிரோடிருந்தனர் என்பதும் 1948 விசாரணையிலேயே தெரிந்துவிட்டன. எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இல்லை. சுற்றிவளைக்கப்பட்ட தம் பட்டாலியனை மீண்டும் மீண்டும் போரிட்டே வெளியே கொண்டுவந்த, அதே பிரிவின் அதிகாரி பவுர்ஜான் மொமிஷுலியின் செயலுக்கு எந்தப் புனைவும் தேவையில்லை. ஆனால் அவருக்கு ‘சோவியத் ஒன்றியத்தின் வீரர்’ என்ற உயரிய பட்டம் கிடைத்தது 1990இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்!

நீங்கள் வரலாறு கற்பித்தவர். இதை எப்படிப் பார்ப்பீர்கள் என்று அறிய ஆவல். 1930களின் தொடக்கத்தில் சோவியத் அரசு மக்களின் கால்நடை மந்தைகளைப் பறித்ததால் வந்த பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்த கஜகஸ்தான், பத்தாண்டு கழியுமுன் அதே அரசுக்காகச் சுமார் 12 லட்சம் பேரைப் போருக்கு அனுப்பியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் திரும்பவில்லை. போருக்குப் போன கஜகப் பெண் மன்ஷுக் மமெதோவாவின் வளர்ப்புத் தந்தை 1937இல் கைதாகிப் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்தப் பெண்தான் 1943 அக்டோபரில் ரஷ்யாவின் நேவெல் நகருக்கு அருகே ஒரு குன்றின்மேல் காயத்தோடு இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கி, இருபது வயதில் உயிர்விட்டாள்.

போருக்குப் போகாதவர்களின் உழைப்பும் சிறிதன்று. உக்ரைனின் நிகோபோல் பகைவர் வசமானதும் டாங்கு எஃகுக்கு வேண்டிய மாங்கனீசு நின்றுபோயிற்று. 1942இல் கஜகஸ்தானில் வெட்டவெளியான ஜெஸ்தியில் 38 நாளில் சுரங்கம் திறந்துவிட்டார்கள். பத்துத் தோட்டாவில் ஒன்பதில் இருந்தது எங்கள் ஈயம் என்று அங்கே இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அணையா விளக்கை அடுத்துள்ள கற்பாளங்களின் அடியில், போர் நடந்த நகரங்களின் மண்ணைக் கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மகள் எடுத்த படத்தை இத்துடன் வைத்துள்ளேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்