அலாய் வீலுக்கு முன்னால் காற்றைப் பார்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. காருக்கு அலாய் வீல் (அலுமினியக் கலவை வீல்) போடப்போவது சந்தோஷம். இரும்பு வீலைவிட வீலுக்கு 2 கிலோ குறைகிறதே, பிக்கப் எவ்வளவு கூடும் என்று கேட்டிருந்தாய்.

நாலு வீலுக்கும் 8 கிலோ. வீல் காரோடு நகர்வதோடு தானும் சுழல்வதால், வேகமெடுக்கும்போது ரிம்மில் குறையும் ஒரு கிலோ, காருக்குள் ஒன்றரை கிலோ குறைந்ததற்குச் சமம் என்று வைத்துக்கொள். ஆக 12 கிலோ. 1,100 கிலோ காரில் இது ஒரு சதவீதம்தான். உன் காலுக்குத் தெரியாது. தெரியப்போவது மோசமான ரோட்டில். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை குறைந்தால் வீல் பள்ளத்தில் சட்டென்று இறங்கி ஏறும், டயர் தரையை விடாது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அந்தப் பிடிப்பை நம்பித்தான் இருக்கின்றன.

ஆசைப்பட்டு 17 அங்குலத்துக்குத் தாவாதே. ரிம் பெரிதானால் எடை கூடும், அதுவும் மையத்தைவிட்டுத் தள்ளிப்போகும். டயரின் பக்கச்சுவரான சைடுவால் உயரம் குறைந்து, பள்ளத்தில் ரிம் வளையும். இப்போது இருப்பது 195/65 ஆர் 15 (அகலம் 195 மிமீ, சைடுவால் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்) என்றால், அதற்குப் பதில் 205/55 ஆர் 16 வரை சரி. வெளிவிட்டம் 634, 632 மிமீ, ஸ்பீடோமீட்டர் பிசகாது. டயரின் எடையையும் கேட்டு வாங்கு. தரையைத் தொடும் டிரெட், வெளி ஓரத்தில் சுழல்வதால் அங்கே கூடும் ஒரு கிலோ, கிட்டத்தட்ட இரண்டு கிலோவாக வேலை செய்யும்.

பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் தள்ளியிருக்கும் தூரம்), தாங்கும் எடை மூன்றும் பொருந்த வேண்டும். ஹப் என்பது காரில் வீல் மாட்டும் நடுப்பகுதி. வீலின் நடு ஓட்டையான சென்டர் போர் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடு. இல்லாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல், என்ன பேலன்ஸிங் செய்தாலும் ஸ்டீயரிங் உதறும். நட்டு வீலில் பதியும் பக்கம் கூம்பா, உருண்டையா என்று பார்த்து வாங்கு. பழைய நட்டு பொருந்தாத வீலில் எத்தனை இறுக்கினாலும் தளரும். குறுக்குக்குறுக்காக டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கி, 100 கிமீ ஓடியதும் மறுபடி சரிபார்.

இத்தனைக்கும் முன்னால் காற்று. நாலு டயரிலும் 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைந்தாலே மைலேஜில் ஒரு சதவீதம் போய்விடும். அலாய் வீலில் மிச்சம் பிடிப்பது அங்கேயே கரைந்துவிடும்! டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் உன் அளவு. டயரில் அச்சிட்டிருப்பது அதிகபட்சம், அதை நிரப்பாதே. மூன்று மணி நேரம் நின்ற வண்டியில் பார். ஓடிச் சூடானதும் 3, 4 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். கூடிவிட்டதே என்று இறக்கிவிடாதே, ஆறியதும் குறைவாகிவிடும்.

டயரை உள்ளங்கையால் தடவிப் பார். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு; நடு தேய்ந்திருந்தால் அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் முதல் சந்தேகம் அலைன்மென்ட், அதாவது வீல்கள் நிற்கும் கோணம். காற்று அதிகமானால் டயர் மேடுபள்ளத்தில் துள்ளும். எடை குறைத்து வாங்கிய பிடிப்பு அதில் போய்விடும். குறைந்தால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும், வேகத்தில் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

வீல் மாற்றும்போதே வால்வையும் புதிதாகப் போடச் சொல். சோப்புத் தண்ணீரை வால்விலும் ரிம் ஓரத்திலும் தடவி, குமிழி வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடு.

இப்போதைய டயர் அளவு, ஸ்டிக்கரில் உள்ள பிஎஸ்ஐ, வாங்கப்போகும் வீலின் ஆஃப்செட் மூன்றையும் எழுது. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சேகர்