செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில் புதிதாகக் கைவைப்போருக்குத் துணைநிற்பதே நம் சங்கத்தின் வேலை. இதுவரை ‘முதல் பேட்ச்’ (நிரலில் செய்து அனுப்பும் முதல் திருத்தம்) என்பதையே இலக்காக வைத்துப் பயிற்சி கொடுத்துவந்தோம். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு அதை மாற்றினோம். புதியவர் முதலில் ஒரு கோளாறைப் பின்தொடர்ந்து சென்று, அதை முறையாக எழுதித் தெரிவிக்கப் பழக வேண்டும். பேட்ச் அதற்குப் பிறகுதான். இந்த மாற்றம் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எழுத்துப்பிழையையும் இடைவெளியையும் திருத்தி ஒரு பேட்ச் அனுப்பிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களைத் தொடர்ந்து பார்த்தோம். நிரலின் எழுத்துநடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி காட்டும் எச்சரிக்கைகளைத் திருத்துவது, இன்னும் செம்மையாகாத நிரல்கள் இருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் நல்ல பயிற்சி. மற்ற பகுதிகளில் அத்தகைய திருத்தங்களை, அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர்கள் பலர் விரும்புவதில்லை. தம் கணினியிலேயே கண்ட கோளாறைத் துரத்துகிறவருக்கோ, அடுத்துக் கேட்பதற்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது.

உதவி அமர்வுகளுக்கு அதிகம் வந்த சிக்கல், மூலநிரலிலிருந்து கம்பைல் செய்த (இயங்கும் வடிவாக்கிய) புதிய கெர்னல் பூட் ஆகாமல், அதாவது கணினியைத் தொடக்காமல், நின்றுபோவது. ரூட் எனப்படும் முதன்மைக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற வரி திரையில் நிற்கும். கடைசியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பூச்சியங்கள் இருக்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குகிறவர்களே அதிகம். தேவையில்லை. அந்தப் பூச்சியங்கள், ரூட் இருக்கும் வட்டையே கெர்னலால் அடையாளம் காண முடியவில்லை என்கின்றன. பெரும்பாலும், தொடக்கத்தில் தேவையானவற்றைச் சுமந்துவரும் சிறு கோப்புத்தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவில்லை, வட்டை இயக்கும் நிரலான டிரைவர் கெர்னலிலேயே சேர்க்கப்படவும் இல்லை. பழைய கெர்னலை, கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலில் விட்டுவைத்திருந்தால் அதில் நுழைந்து சரிசெய்துவிடலாம். ஆகவே புதியது நன்றாக ஓடும்வரை பழையதை நீக்கக் கூடாது என்பதை முதல் அமர்விலேயே சொல்கிறோம். சோதனைகளை முதலில், கணினிக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியை இயக்கும் க்யூஎமுவில் செய்து பார்க்கும்படியும் வற்புறுத்துகிறோம்.

அடுத்தது, தன்னுள் பிழை நேர்ந்ததும் கெர்னல் வெளியிடும் ஊப்ஸ் செய்திகளைப் படிப்பது. உதவி கேட்டு வருகிறவர்கள் கடைசிச் சில வரிகளை மட்டும் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். வேண்டியது தொடக்கம். ஒரு ஊப்ஸ் நிகழ்ந்தபின் வருபவை அதன் பின்விளைவாகவே இருக்கக்கூடும் என்பதால், முதலாவதைத்தான் நம்ப வேண்டும். அந்தச் செய்தியில் டெயின்டட் (கறைபட்டது) என்ற சொல்லுக்குப் பின் வரும் எழுத்துகளில் ‘டி’ (D) இருந்தால், அதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் நடந்துவிட்டது என்று பொருள். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் பதிவில் மேலே போய்த் தேட வேண்டும். ‘பி’ (P) இருந்தால் மூலநிரல் மூடப்பட்ட மாட்யூல் (கெர்னலுடன் இணையும் நிரல்துணுக்கு) ஒன்று ஏற்றப்பட்டிருக்கிறது. அது இல்லாமலும் கோளாறு வருகிறதா என்று பார்த்த பிறகே பராமரிப்பாளரிடம் போக வேண்டும்.

இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த ஒன்றைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். சி மொழியில் அனுபவம் குறைந்த இளம் உறுப்பினர் ஒருவரின் மடிக்கணினியில், கெர்னலைப் புதுப்பித்தபின், உறக்கநிலையிலிருந்து எழுந்ததும் வைஃபை சில சமயம் வேலை செய்யவில்லை. முந்தைய பதிப்பில் அந்தக் குறை இல்லை. இரண்டு பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. ஆனால் கோளாறைப் புகுத்திய மாற்றத்தைத் தேடித்தரும் கிட் பைசெக்ட் என்ற கட்டளை, இடையிலுள்ள ஒரு நிலை நல்லதா கெட்டதா என்று கேட்டு ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துவிடுவதால் ஏறக்குறைய 14 சுற்றுகளில் குற்றவாளி அகப்பட்டாக வேண்டும். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற அமைவுக் கட்டளையைக் கொண்டு தமக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டதால் கம்பைல் நேரமும் வெகுவாகக் குறைந்தது.

சிக்கல் ‘சில சமயம்’ என்பதில் இருந்தது. கெட்டது என்று குறிக்க ஒருமுறை கண்ணில் பட்டால் போதும். நல்லது என்று குறிக்கப் பலமுறை தூங்கவைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒருமுறை நல்லது என்று சொல்லிவிட்டால், அதன் பிறகான தேடல் முழுவதும் தவறான பாதியில் நடக்கும். அவர் பொறுமையாகச் செய்தார். கடைசியில் கிடைத்த மாற்றத்தைத் திருப்பியெடுத்துவிட்டுப் பார்த்தபோது கோளாறு மறைந்தது. பராமரிப்பாளர் திருத்தம் எழுதினார். அதில் ரிப்போர்ட்டட்-பை (தெரிவித்தவர்), டெஸ்டட்-பை (சோதித்தவர்) என்ற இரு வரிகளிலும் நம் உறுப்பினரின் பெயர் இருக்கிறது. அவர் ஒரு வரி நிரலும் எழுதவில்லை. ஆனாலும் இதை முழுமையான கெர்னல் பங்களிப்பு என்றே சங்கம் கருதுகிறது.

பதில் வராத பேட்ச்களைப் பற்றி மனம் வருந்தி வந்தவர்களும் உண்டு. கெர்னலின் புதிய பதிப்பு ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அதில் முதல் இரண்டு வாரங்கள், சேகரித்த மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் மெர்ஜ் விண்டோ. பராமரிப்பாளர்கள் அப்போது புதியவற்றைத் திரும்பிப் பார்ப்பது அரிது. அதன் முடிவில் முதல் சோதனைப் பதிப்பான ஆர்சி1 வெளிவரும்வரை காத்திருந்து அனுப்பச் சொன்னோம். ஓரிரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் பணிவாக நினைவூட்டலாம். மௌனத்தை நிராகரிப்பாக எடுத்துக்கொண்டு விலகிப்போன திறமைசாலிகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நம் கடமை.

ரஸ்ட் என்ற நிரல்மொழி பற்றிய கேள்விகளும் வந்தன. 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னல் பதிப்பிலிருந்து அதற்கு இடம் உண்டு. என்றாலும் கெர்னலின் மிகப் பெரும்பகுதி சி மொழியில் இருப்பதால் சி படிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சீரியல் போர்ட் (செய்திகளைக் கம்பிவழியே வேறு கணினிக்கு அனுப்பும் இணைப்பு) உள்ள பழைய கணினிகளை நன்கொடையாக அளித்தவர்களுக்கு நன்றி. திரை உறைந்துபோன பிறகும் கெர்னலின் கடைசிச் சொற்களை நம்மால் படிக்க முடிவது அவற்றால்தான்.

வழிகாட்டிகள் போதவில்லை. ஒரே சிலரின் தோளில் எல்லாச் சுமையும் விழுகிறது. அவர்கள் சோர்ந்துவிடுவார்களோ என்ற கவலை செயற்குழுவுக்கு உண்டு. ஆகவே, ஒரு பைசெக்டைத் தாமே முடித்த உறுப்பினர் எவரும் அடுத்து வருகிறவரின் முதல் அமர்வில் உடனமர வேண்டும் என்ற தீர்மானத்தையும், பூட் ஆகாத கெர்னலை மீட்பது பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதச் சிறு குழு ஒன்றை அமைக்கும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்