மூடிய உறையில் இருக்கும் அறிக்கையை வெளியிடுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், வட்டி விகிதத்தை முடிவு செய்யும் பணக் கொள்கைக் குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2022 நவம்பர் 3 அன்று உங்கள் குழு வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே ஒருமுறை கூடியது. விலைவாசி ஏறும் வேகமான பணவீக்கத்தை வரம்புக்குள் வைக்கத் தவறியது ஏன் என்று மத்திய அரசுக்கு எழுதவேண்டிய அறிக்கையைத் தயாரிப்பதற்காகவே அந்தக் கூட்டம் நடந்தது. அறிக்கை அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மக்கள் கைக்கு இன்றுவரை வரவில்லை. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி, பணவீக்கம் 4 சதவீதம் என்பது உங்களுக்கு அளிக்கப்பட்ட இலக்கு; மேலே 6, கீழே 2 என்பவை எல்லைகள். தொடர்ந்து மூன்று காலாண்டுகளுக்குச் சராசரிப் பணவீக்கம் இந்த எல்லையைத் தாண்டினால், தவறியதற்கான காரணங்களையும், எடுக்கப்போகும் நடவடிக்கைகளையும், எவ்வளவு காலத்தில் இலக்குக்குத் திரும்பும் என்ற மதிப்பீட்டையும் அரசுக்கு எழுத்தில் தரவேண்டும். 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டுகளும் 6 சதவீதத்துக்கு மேலேயே கழிந்தன. ஏப்ரலில் மட்டும் 7.79.

அந்த எண்கள் எங்கள் வீட்டில் எப்படி இறங்கின என்று சொல்ல வேண்டும். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பத்து லட்சத்தை 2021இல் ஒரு வங்கியில் ஐந்தரை சதவீத வட்டிக்கு அம்மா பெயரில் போட்டுவைத்தோம். மாதம் நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரும். மளிகைக்கும் மாத்திரைக்கும் அதுதான். அம்மா கோடு போட்ட நோட்டில் கணக்கு எழுதுகிறவர். 2022 கோடையில் அந்த நோட்டில் நல்லெண்ணெய் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டராயிற்று; பிறகு வரிசையிலிருந்தே மறைந்தது. விலைவாசி ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறும்போது, பத்து லட்சத்துக்கு வாங்கிய பொருளை அடுத்த ஆண்டு வாங்கப் பத்து லட்சத்து எழுபதாயிரம் வேண்டும். வட்டியில் ஒரு பைசாகூட எடுக்காமல் சேர்த்திருந்தாலும் பதினைந்தாயிரம் குறைந்திருக்கும். அம்மாவோ அந்த வட்டியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உக்ரைன் போரால் எண்ணெயும் கோதுமையும் விலையேறின என்பதை நான் அறியாதவன் அல்லன். பெருந்தொற்றில் நொடிந்த தொழில்களைத் தூக்கிவிடக் குறைந்த வட்டி தேவைப்பட்டது என்பதையும் ஏற்கிறேன். ஆயினும் 2020 மே மாதத்தில் 4 சதவீதத்துக்கு இறக்கிய ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு நீங்கள் கடன் தரும் வட்டியை, 2022 ஏப்ரல் 8 கூட்டம் வரை அப்படியே வைத்திருந்துவிட்டு, ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மே 4 அன்று அவசரமாகக் கூடி 4.40 ஆக உயர்த்தினீர்கள். அடுத்த பிப்ரவரிக்குள் அது 6.50 ஆயிற்று. விலையேற்றத்தை அடக்க இந்த உயர்வை முன்பே தொடங்கியிருக்க வேண்டுமா? தாமதம் என்று நீங்களே கருதினீர்களா, அல்லது போர்தான் முழுக் காரணம் என்று எழுதினீர்களா? இதற்கு உங்கள் கையெழுத்தில் பதில் இருக்கும் ஒரே ஆவணம் அந்த அறிக்கைதான்.

பெறவேண்டிய அரசுக்குப் போகும் முன் அந்த அறிக்கையை வெளியிடும் உரிமை தமக்கில்லை என்றும், என்றைக்குமாக அது மறைந்திருக்காது என்றும் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் அவர்கள் சொன்னார். அதை நம்பிக் காத்திருந்தோம். 2022 டிசம்பரிலேயே, சட்டத்தில் வெளியிடுவதற்கான வழிவகை இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் பதில் தந்தது. வெளியிடு என்று சட்டம் சொல்லவில்லை என்பது உண்மை. வெளியிடாதே என்றும் அது எங்கும் சொல்லவில்லையே! பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியில், பணவீக்கம் 2 சதவீத இலக்கிலிருந்து ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால் அதன் ஆளுநர் நிதியமைச்சருக்கு எழுதும் மடல் எல்லாரும் படிக்க வெளியாகிறது. 2007 ஏப்ரலில், பணவீக்கம் 3.1 சதவீதத்தைத் தொட்டதும், அதன் அன்றைய ஆளுநர் மெர்வின் கிங் அப்படி முதல் மடலை எழுதினார். அதனால் அந்த வங்கியின் சுதந்திரம் பறிபோய்விடவில்லை.

உங்களுக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும் என்பதே என் கருத்து. தேர்தல் நேரத்தில் வட்டியைக் குறை என்று அரசு அழுத்தம் தரும்போது மறுக்கும் துணிவு உங்களுக்கு இருக்கவேண்டும். ஆனால் நாங்கள் வாக்களித்து உங்களை அமர்த்தவும் இல்லை, இறக்கவும் முடியாது. ஆகவே காரணம் கேட்கும் உரிமை ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சுகிறது.

கடன் வாங்கியவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பாருங்கள். வீட்டுக்கடனில் தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன் என்பது நீங்கள் வகுத்த விதி. அதன்பின் வங்கி வீட்டைக் கைப்பற்றினால் இரண்டு நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில், அறிவிப்பு வரவேண்டும். எங்கள் தெருவில் ஒருவருடைய பெயர், அப்பா பெயர், கதவு எண், பாக்கித் தொகை எல்லாம் அப்படித் தமிழ் நாளிதழில் வந்தது. அவர் ஒரு மாதம் தேநீர்க் கடைப் பக்கமே வரவில்லை. மூன்று மாதம் தவறியவருடைய கணக்கு ஊரறிய அச்சேறுகிறது. ஒன்பது மாதம் தவறிய உங்கள் கணக்கு உறைக்குள் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் பணக் கொள்கைக் கட்டமைப்பை மறுஆய்வு செய்ய ஒரு விவாதக் குறிப்பை வெளியிட்டு, இலக்கு எது, எல்லை எவ்வளவு என்பன பற்றி நான்கு கேள்விகளில் மக்கள் கருத்தைக் கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. இலக்குத் தவறினால் மக்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பது அந்த நான்கில் இல்லை.

என் வேண்டுகோள் இரண்டே. 2022 நவம்பர் அறிக்கையை, அரசின் ஒப்புதல் தேவையெனில் அதைக் கேட்டுப் பெற்று, முழுமையாக உங்கள் இணையதளத்தில் இடுங்கள். இனி எழுதப்படும் ஒவ்வொரு அறிக்கையும், குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பதினான்காம் நாள் வெளியாவதுபோல, குறித்த நாளில் வெளியாகும்படி சட்டத்தில் ஒரு வரி சேர்க்குமாறு அரசுக்கு எழுதுங்கள். அறிக்கையின் தமிழாக்கமும் கிடைத்தால் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

இங்ஙனம்,
ஒரு வைப்புதாரரின் மகன்