வடிகால் கட்டிய பின் கூடிய வெள்ளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஊரில் வசிக்கிறேன். எங்கள் தெருவின் பழைய மண் ஓடையை எடுத்துவிட்டு, மூன்றடி அகலமும் மூன்றடி ஆழமுமாகக் காங்கிரீட் ஓடை கட்டி, மேலே ஸ்லாப் போட்டார்கள். முன்பு கணுக்கால் அளவுக்குத் தேங்கிய தண்ணீர், அதன் பின் வந்த முதல் பெருமழையிலேயே முழங்காலைத் தொட்டது. கீழே இறங்க வேண்டிய தண்ணீர் ஸ்லாப் இடுக்குகள் வழியே மேலே பொங்கி வந்ததை வாசற்படியில் நின்று பார்த்தோம். குப்பைதான் காரணம் என்றார்கள். கட்டி முடித்த புதிதென்பதால் ஓடைக்குள் அன்று குப்பையே இல்லை.

பத்து சென்ட் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழும் தண்ணீர் ஏறத்தாழ 20,000 லிட்டர். அந்த இடம் தென்னையும் வாழையும் நின்ற விளையாக இருந்தபோது அதில் பெரும்பகுதியை மண்ணே குடித்தது. இன்று மாடி வீடும், முற்றம் முழுக்க இன்டர்லாக் கல்லுமாக ஆனபின், ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடுகிறது. அளவைவிட இந்த வேகமே பெரிய சிக்கல். மேட்டுத் தெருத் தண்ணீர் மண் ஓடையில் புல்லிலும் கல்லிலும் முட்டி மெல்ல வந்து சேருவதற்குள் பள்ளத் தெருத் தண்ணீர் வடிந்திருக்கும். வழவழப்பான காங்கிரீட் ஓடையில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன.

அப்படி வரும் நீரை ஏற்க வேண்டிய, சாலையைக் கடக்கும் சிறுபாலத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அது ஒன்றரை அடி விட்டமுள்ள பழைய குழாய். புதிய ஓடையின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. போதாக்குறைக்கு அதன் வாயில் குறுக்கே போகும் குடிநீர்க் குழாயில் தேங்காய் மட்டையும் பழந்துணியும் சிக்கிக்கொள்கின்றன. அதையும் தாண்டிய நீர் சேரும் ஏலாவில் (தாழ்ந்த வயல்வெளியில்) ஆற்று வெள்ளம் ஏறி நின்றால், ஓடையின் கடைமட்டம் மூழ்கி, தண்ணீர் வந்த வழியே திரும்புகிறது. எனவே மட்டம் பார்ப்பதைக் கடைமுனையில் தொடங்கி மேல்நோக்கி வந்திருக்க வேண்டும். பணி நடந்ததோ தெருமுனையிலிருந்து கீழ்நோக்கி.

குளங்களை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் விளங்கவில்லை. ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழம் காலியாக இருந்தால் ஒரு கோடி லிட்டர் பிடிக்கும். நான் மேலே சொன்னது போன்ற பத்து சென்ட் மனைகளில் ஐந்நூறின் மழையை அது தாங்கும். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேடும் மழைநீர் சேகரிப்பை வடிகால் திட்டத்தின் பகுதியாகவே பேசுகிறது. எங்கள் ஊர்க் குளத்திலோ, நிரம்பிய நீர் வெளியேறும் மறுகால் அருகே மண் மேடிட்டு ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், ஓடைகளை மே மாதம் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் தூர்வார வேண்டும். அடுத்த தெருவில் இதே அளவில் ஓடை கட்ட அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். அதற்கு முன் அந்தச் சிறுபாலத்தைப் பெயர்த்து அகலப்படுத்தி, குடிநீர்க் குழாயை மாற்றித் தருமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்