ஊருக்கு ஓர் அணி எதற்கு?

ஐயா,

1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம் நடந்து நாற்பது வருடம் தாண்டியும், எங்கள் குமரி மாவட்டத்தில் கடற்கரைக்காரர், உள்நாட்டுக்காரர் என்ற பேச்சு ஓயவில்லை. இதற்குப் பழைய பகை கூடத் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளிச் சிறுவர்களை, ஓவிய ரசனை என்று பெயருக்கு ஒரு காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். அவ்வளவுதான், தம் குழுவுக்கே அதிகப் பணம் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள்!

சரி, பழகினால் மாறுமா? சும்மா அருகருகே உட்கார்ந்தால் போதாது. சம அந்தஸ்தோடு, ஒரே வேலையில், ஒருவரை ஒருவர் நம்பி இறங்கினால் பாகுபாடு பெரும்பாலும் குறையும் என்கிறது உளவியல். தகராறு முற்றிய பிறகு டீ கொடுத்து நடத்தும் அமைதிக் கூட்டத்தில் அதெல்லாம் நடக்காது. கடற்கரைக் குளச்சல் பையனும் உள்நாட்டுத் தக்கலைப் பையனும் ஒரே கால்பந்து அணியில் ஆடட்டும். வரும் கோடை விடுமுறைக்கே மாவட்ட நிர்வாகம் இப்படிக் கலப்பு அணிகளை அமைக்கலாம்.

- ஒரு வாசகர், இரணியல்